எட்டடிக்கு நாலடி

எங்கள் தோட்டத்து மேசைப்பந்து மேசை எட்டடி நீளம், நாலடி அகலம். மற்ற ஊர்களிலெல்லாம் ஒன்பதடிக்கு ஐந்தடி. இந்தக் குறைச்சலுக்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. பிளைவுட் பலகை கடையில் எட்டுக்கு நாலாகத்தான் வரும். "ஓரடிக்காக இன்னொரு பலகைய அறுக்கச் சொல்றீங்களா?" என்று கேட்ட தோட்டத்துத் தச்சர், இருந்த பலகைக்கு நாலு கால் அடித்து, பச்சைப் பெயிண்ட் பூசி, கோயில் பக்கத்துக் கொட்டகையில் கொண்டுவந்து போட்டுவிட்டார். வலைக்குப் பதில் மங்கு. ரப்பர் பால் பிடிக்கிற மங்குகளில் விரிசல் விட்டவற்றைக் கவிழ்த்து, ஒன்றின்மேல் ஒன்றாக, குறுக்கே வரிசையாக அடுக்குவோம். பந்து மங்கில் பட்டால் 'டிங்' என்று ஓசை வரும். நடுவரே வேண்டாம்.

அந்த மேசையில் ஐந்து வருஷம் ஆடினேன். தோட்டத்துப் பெண் பிள்ளைகளில் என்னை யாரும் ஜெயித்ததில்லை. குறைந்துபோன அந்த ஓரடி என் காலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

நான் 1955ல் மலாயாவின் கோல சிலாங்கூர் மாவட்டத்தில், புக்கிட் ரோத்தானுக்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கும் இடையிலிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007லிருந்து பெஸ்தாரி ஜெயா என்று பெயர். எங்கள் தலைமுறை வாயில் அது இன்னும் ஒட்டவில்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து 2013ல் ஓய்வு பெற்றேன். வகுப்பு முடிந்த பிறகு பிள்ளைகளுக்கு மேசைப்பந்து சொல்லிக்கொடுத்தது முப்பது வருஷத்துக்கு மேல். இப்போதும் பெற்றோர்கள் வந்து, "டீச்சர், பிள்ளை கை நல்லா வீசுறான், கால்தான் ஓட மாட்டேங்குது, என்ன பயிற்சி கொடுக்கலாம்?" என்று கேட்கிறார்கள். பயிற்சி சொல்வேன். அதற்கு முன் கொஞ்சம் சரித்திரம் சொல்வேன். கால் ஏன் அப்படி நிற்கிறது என்று தெரியாமல் அதை ஓடு என்று சொல்லிப் பயனில்லை.

*

முதலில் அம்மாவின் கால்.

அம்மா பால்மரம் வெட்டியவர். விடியும் முன்னே பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. கிராணி பேர் கூப்பிட்டு முடித்ததும், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போய்விடுவார்கள். மரத்துக்குள் பாலின் அழுத்தம் அதிகமாயிருப்பது விடியற்காலையில்தான். வெயில் ஏறினால் ஒழுகுவது குறைந்துபோகும். ஒரு நாளைக்கு நானூறு, ஐந்நூறு மரம். பள்ளி விடுமுறையில் மங்கு துடைக்க அம்மாவோடு போவேன். அப்போது பார்த்ததுதான் நான் கண்ட முதல் காலடிப் பயிற்சி.

வெட்டு, மரத்தின் இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சரிந்து இறங்கும். பால்குழாய்கள் பட்டைக்குள் செங்குத்தாக ஓடாமல் கொஞ்சம் சாய்ந்து ஓடுகின்றன. இப்படிச் சரித்து வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். கத்தியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே, மரத்தைப் பாதி சுற்றி வரவேண்டும். நின்ற இடத்திலிருந்து கையை மட்டும் எட்டினால் கத்தி ஆழமாக இறங்கிவிடும். மரத்தில் காயம் விழும். காயம் பட்ட பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். அடுத்த முறை அங்கே வெட்ட முடியாது. கங்காணி வந்து பார்த்து, காயத்துக்குச் சம்பளத்தில் கைவைப்பார். அதனால் அம்மாவின் முழங்கால் எப்போதும் சற்று மடிந்தே இருக்கும். சின்னச் சின்ன எட்டு. கத்தி நகர்கிற வேகமும் கால் நகர்கிற வேகமும் ஒன்றாக இருக்கும். ஒருநாள் நான் கத்தியை வாங்கி ஒரு கிழட்டு மரத்தில் முயன்றபோது அம்மா சொன்னார்: "கைய நீட்டாத. மரம் உன்கிட்ட வராது, நீதான் அதுகிட்ட போகணும்."

மேசைப்பந்துப் பயிற்சியாளர்கள் எழுதிய புத்தகங்களைப் பின்னாளில் படித்திருக்கிறேன். எல்லாவற்றின் சாரமும் இந்த ஒரு வரிக்குள் இருந்தது.

இரண்டாவது, சிலம்பத் தாத்தா. எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், ஒரு முதியவர் மாலையில் பையன்களுக்குக் கம்பு சொல்லிக்கொடுப்பார். முதல் பல வாரம் கம்பையே தரமாட்டார். மண்ணில் கோடு கிழித்து, அதன்மேல் காலை மாற்றி மாற்றி வைக்கச் சொல்வார். அதற்குப் பெயர் காலடி. சலித்துப்போய் ஓடிவிட்டவர்கள் பாதிப் பேர். பெண் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளமாட்டார். நான் லயத்து ஐந்தடியில், வீட்டு முன் தாழ்வாரத்தில், உட்கார்ந்து பார்ப்பேன். ஆங்கிலப் புத்தகத்தில் மேசைப்பந்துக் கால் பயிற்சிக்கான சொல்லைப் பார்த்தபோது, அதைத் தமிழில் என்னவென்று சொல்வது என்று நான் தேடவில்லை. தாத்தா ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

*

ஆனால் காலடி என்பது எப்படி நகர்வது என்பது மட்டுமில்லை. எங்கே நிற்பது என்பதும்தான். தோட்டத்தில் அதைப் பிறர் தீர்மானித்தார்கள்.

பெரட்டுக் களத்தில் துரைக்கு ஓரிடம், கிராணிக்கு ஓரிடம், கங்காணிக்கு ஓரிடம், கடைசியாக நாங்கள். வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நிற்கவேண்டும் என்பது என் தாத்தா காலத்து வழக்கம். 1941ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் போன்றவர்கள் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வும் கள்ளுக்கடை மூடலும் பிள்ளைகளின் படிப்பும் கோரிக்கைகளாக இருந்தன. அந்தப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: அதிகாரிகள் முன்னால் சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம். நாதன் கைதானார், பிறகு நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. இறங்குவதா, ஏறியே போவதா என்ற கால் விஷயத்துக்கும் சேர்த்துத்தான் அந்த உயிர்கள் போயின என்று தாத்தா சொல்வார். அவர் அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் பழக்கதோஷத்தில் இறங்கிக்கொண்டிருந்தாராம். சட்டம் மாறினாலும் கால் உடனே மாறாது.

எங்கள் தோட்டத்தில் கிராணி போன்ற ஐயாமாருக்கு ஒரு கிளப் இருந்தது. அங்கே இருந்தது ஒன்பதுக்கு ஐந்து, உண்மையான மேசை. அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கிளப்பைக் கூட்டித் துடைக்கப் போவார். நசுங்கிய பந்துகள் அவருக்குக் கிடைக்கும். செல்லுலாய்டு பந்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டால் நசுங்கல் 'பொக்'கென்று எழும்பிவிடும். விரிசல் விட்டது எழும்பாது. அதைப் பையன்கள் கொளுத்துவார்கள், குபீரென்று எரியும், கற்பூர வாசனை அடிக்கும். செல்லுலாய்டு செய்வதே கற்பூரம் சேர்த்துத்தான் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது; பந்துக்குள் சாமி இருக்கிறது என்று என் தம்பி நம்பினான்.

கிளப் ஜன்னலில் தொங்கிக்கொண்டு ஐயாமார் ஆடுவதைப் பார்ப்போம். உள்ளே வர யாரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளிக்கூடம் வைக்கவேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சொன்னது. மேசை வைக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஜன்னலில் பார்த்ததை வைத்துத்தான் அப்பா தச்சரிடம் போய்ப் பேசினார். பிறந்தது எட்டுக்கு நாலு.

*

நாங்கள் மங்குக்கு மேல் பந்து தட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில் உலகத்தில் அந்த ஆட்டத்தின் கால்களே மாறிக்கொண்டிருந்தன. மாற்றியது ரப்பர்.

மேசைப்பந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்துப் பணக்கார வீடுகளின் சாப்பாட்டு மேசை விளையாட்டு. செல்லுலாய்டு பந்து வந்தது. மட்டையில் புள்ளி புள்ளியாக முளை உள்ள ரப்பர் ஒட்டினார்கள். 1926ல் லண்டனில் முதல் உலகப் போட்டி. அடுத்த கால் நூற்றாண்டு அந்த மெல்லிய முளை ரப்பர்தான் ராஜா. அது பந்தை வேகமாக உதைக்காது, சுழற்சியும் குறைவு. அதனால் பொறுமையாகத் திருப்பிக்கொண்டே இருப்பவர் ஜெயிப்பார். 1936ல் பிராக் நகரத்தில் போலந்தின் ஏர்லிக்கும் ருமேனியாவின் பனெத்தும் ஆடிய ஆட்டத்தில் ஒரே ஒரு புள்ளி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. இருவரும் பந்தை மெதுவாகத் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். மறு வருஷமே வலையின் உயரத்தை ஆறே முக்கால் அங்குலத்திலிருந்து ஆறாகக் குறைத்தார்கள், ஆட்டத்துக்கு நேரக் கட்டுப்பாடு வைத்தார்கள். இரண்டு மணி நேரம் நின்ற இடத்தில் தள்ளலாம் என்றால் கால் எதற்கு?

1952ல் பம்பாயில் உலகப் போட்டி நடந்தது. ஜப்பானிலிருந்து ஹிரோஜி சாட்டோ என்ற மூக்குக்கண்ணாடிக்காரர் வந்தார். அவர் மட்டையில் தடித்த ஸ்பாஞ்ச். மற்றவர்கள் மட்டையில் பந்து பட்டால் 'டக்' என்று கேட்கும். சாட்டோவின் மட்டையில் ஓசையே இல்லை. ஆடுபவர்கள் பந்தைக் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை, காதாலும் பார்க்கிறார்கள். ஓசை இல்லாமல் பந்து வந்ததும் பெரிய பெரிய வீரர்களின் கால் தடுமாறியது. சாட்டோ உலகச் சாம்பியன் ஆனார்.

அதன் பிறகு ஸ்பாஞ்ச் மேல் ரப்பர் ஒட்டிய மட்டை வந்தது. பந்து ஸ்பாஞ்சுக்குள் ஒரு கணம் அமுங்கிப் பிறகு சீறிக்கொண்டு கிளம்பும். எவ்வளவு தடிமன் இருக்கலாம் என்று சண்டை வந்து, 1959ல் உலக சம்மேளனம் ரப்பரும் ஸ்பாஞ்சும் சேர்ந்து நாலு மில்லிமீட்டருக்கு மேல் கூடாது என்று விதி போட்டது. நாலு மில்லிமீட்டர்தான். ஆனால் பந்து வருகிற நேரம் சுருங்கிவிட்டது. பந்து வந்த பிறகு நகரலாம் என்றால் முடியாது. எதிராளியின் மட்டை பந்தில் படும்போதே கால் தயாராக வேண்டும். பாதத்தின் முன்பகுதியில் எடை, மடிந்த முழங்கால், தோளைவிட அகலமாக விரிந்த கால், எதிராளி அடிக்கிற அந்தக் கணத்தில் ஒரு சின்னத் துள்ளல். இன்று நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்த நிலை ரப்பர் மாறியதால் பிறந்தது.

அப்போது உலகத்தின் இயற்கை ரப்பரில் பெரும்பகுதி மலாயாவிலும் இந்தோனேசியாவிலும்தான் விளைந்தது. அம்மா வெட்டிய பால் எந்த மட்டைக்குப் போனது என்று எப்படித் தெரியும்? லாரி டயருக்குப் போயிருக்கும், செருப்புக்குப் போயிருக்கும். கொஞ்சம் யாரோ ஒருவரின் மட்டைக்கும் போயிருக்கலாம். எங்கள் மட்டைகளில் மட்டும் ரப்பர் கிடையாது. வெறும் பலகை.

*

1968ல் புகுமுக வகுப்புக்குக் கோல சிலாங்கூர் பட்டணத்துப் பள்ளிக்குப் போனேன். அங்கே மண்டபத்தில் இரண்டு மேசைகள். கிளப் ஜன்னலில் பார்த்த அதே அளவு. முதல் வாரமே ஒரு சீனப் பிள்ளையோடு ஆடினேன். பாசிர் பெனாம்பாங்கிலிருந்து வருபவள், மீனவர் மகள். 21க்கு 7 என்று தோற்றேன். இரண்டாவது ஆட்டம் 21க்கு 6.

கையில் தவறில்லை. பந்து எனக்குப் பக்கத்தில் வந்தபோதெல்லாம் நன்றாகவே அடித்தேன். ஆனால் அவள் ஓரத்துக்கு அடித்த பந்தெல்லாம் என் மட்டைக்கு ஒரு சாண் தள்ளியே போனது. எட்டுக்கு நாலு மேசையில் நடுவில் நின்று இடுப்பை மட்டும் வளைத்தால் இரண்டு ஓரத்தையும் எட்டிவிடலாம். ஐந்தடி அகலத்தில் முடியாது. ஐந்து வருஷமாக நான் கால் என்று நினைத்துக்கொண்டிருந்தது இடுப்பு. அன்று பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது தச்சர் மேல் கோபம் வந்தது. அவர் என்ன செய்வார், பலகை அவ்வளவுதான்.

அந்தச் சீனப் பிள்ளையைத் தோட்டத்தில் எல்லோரும் சொல்வதுபோல அமோய் என்றுதான் கூப்பிட்டேன். அவள் பேனா பிடிப்பதுபோல மட்டையைப் பிடிப்பாள். மட்டையின் ஒரு பக்கத்தில்தான் ரப்பர். அந்தப் பிடியில் இடப்பக்க ஓரத்துக்கு வரும் பந்தைத் திருப்பி அடிப்பது கடினம். ஆகவே அவள் பந்தைச் சுற்றி ஓடி, உடம்பை இடப்பக்கம் கொண்டுபோய், வலப்பக்க வீச்சாலேயே ஓங்கி அடிப்பாள். ஜப்பானின் இச்சிரோ ஒகிமுரா 1954லும் 1956லும் உலகச் சாம்பியன் ஆனது இப்படிப்பட்ட ஆட்டத்தில்தான். பேனாப் பிடிக்காரர்களுக்குக் கால் விருப்பமில்லை, கட்டாயம். சீனர்களும் பேனாப் பிடிதான். ஆனால் அவர்கள் மேசையை ஒட்டி நின்று, சின்ன எட்டில், பந்து எழும்பும்போதே அடித்தார்கள். 1959ல் ரோங் குவோதுவான், பிறகு 1961, 1963, 1965 என்று மூன்று முறை ஜுவாங் ஸெடோங். ஒரே பிடி, இரண்டு காலடி.

அமோய் ஒரு சனிக்கிழமை என்னை ஆற்றைக் கடந்து அவள் ஊருக்குக் கூட்டிப்போனாள். சங்கக் கட்டடத்தில் மேசை இருந்தது. மலாயாவின் கம்யூனிஸ்ட் எதிர்ப்பு அவசரகாலத்தில் ஏறத்தாழ 5 லட்சம் பேரைப் புதுக்கிராமங்களில் வேலிபோட்டு அடைத்தார்கள். தோட்டத்து லயங்களையும் பல இடங்களில் வேலிக்குள் கொண்டுவந்தார்கள். வேலிக்குள் அடைந்து கிடந்த ஊர்களுக்கு ஒரு கொட்டகையும் ஒரு மேசையும் போதுகிற ஆட்டம் தோதாக இருந்தது. அந்தச் சங்கத்துக்கு வந்தவர்கள் பலர் அப்படிப்பட்ட புதுக்கிராமங்களில் ஆடிப் பழகியவர்கள்.

அவளுடைய அப்பா என் ஆட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. பாசார் மலாயில் சொன்னார்: "காக்கி டூலு, தாங்ஙான் பெலாக்காங்." கால் முதலில், கை அப்புறம். பிறகு வெளியே போய் ஒரு கை கெராங் ஓடு அள்ளிவந்தார். அந்த ஊரில் சிப்பி ஓட்டுக்குப் பஞ்சமில்லை. மேசையின் ஒரு ஓரத்துக்கு நேரே தரையில் பத்து ஓடுகளை வைத்தார். ஒவ்வொன்றாக எடுத்து மறு ஓரத்துக்கு நேரே கொண்டுபோய் வைக்கவேண்டும். முகம் மேசையைப் பார்த்தே இருக்கவேண்டும். காலைக் குறுக்கே போடக்கூடாது. பக்கவாட்டில் நண்டு மாதிரி நகரவேண்டும். குனியும்போது முதுகு வளையக்கூடாது, முழங்கால் மடியவேண்டும். பத்து ஓடும் மாறிய பிறகு, திரும்பவும் பத்து.

படகில் நிற்கிறவர் அவர். முழங்காலை விறைப்பாக வைக்கிறவன் கடலில் விழுவான் என்று கையால் காட்டினார். நான் அம்மாவை நினைத்துக்கொண்டேன். இரண்டு மாதம் சனிக்கிழமைதோறும் ஓடு பொறுக்கினேன். மூன்றாம் மாதம் அமோயிடம் 21க்கு 18 என்று தோற்றேன். என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய வெற்றி குறைவு.

*

கால் எப்படி நகர்வது என்று தெரிந்துவிட்டது. எங்கே நிற்பது என்பதை நான் கற்றுக்கொண்டது நாற்பத்தைந்து வயதில், பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து.

ஒகிமுரா 1950களின் கடைசியில் ஸ்வீடன் நாட்டுக்குப் போய்ப் பயிற்சி கொடுத்தார். அந்த விதை முளைத்தது. 1971ல் ஜப்பானின் நகோயா நகரத்தில் ஸ்டெல்லன் பெங்க்ட்சன் என்ற பதினெட்டு வயது ஸ்வீடன் இளைஞர் உலகச் சாம்பியன் ஆனார். அமெரிக்க வீரர்களைச் சீனா அழைத்து உலக அரசியலே திரும்பியது அதே போட்டியின்போதுதான். பெங்க்ட்சனின் ஊர் ஃபால்கென்பெரி. அந்த ஊர்க் கிளப்பின் பெயரிலேயே ஒரு காலடிப் பயிற்சி இன்றும் உலகம் முழுக்க நடக்கிறது. முதல் பந்தை இடப்பக்க ஓரத்தில் பேக்ஹேண்டால் அடிக்கவேண்டும். அதே இடத்துக்கு வரும் இரண்டாவது பந்தைச் சுற்றிப் போய் ஃபோர்ஹேண்டால் அடிக்கவேண்டும். மூன்றாவது வலப்பக்க ஓரத்துக்கு வரும். நீள எட்டுப் போட்டு ஓடி அதையும் ஃபோர்ஹேண்டால். மறுபடி முதலிலிருந்து. என் மாணவர்கள் இதற்கு 'முக்கோணம்' என்று பெயர் வைத்தார்கள். கைகுலுக்குவதுபோல ஐரோப்பியப் பிடி பிடிக்கிறவனுக்கும் பேனாப் பிடிக்காரனின் காலைக் கொடுத்த பயிற்சி இது.

2000 பிப்ரவரியில் உலகக் குழுப் போட்டி கோலாலம்பூருக்கு வந்தது. முந்தைய ஆண்டு பெல்கிரேடில் நடந்திருக்கவேண்டியது, கொசோவோ போரால் இங்கே மாறியது. ஆறு பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். ஆண்கள் இறுதியாட்டம், சீனாவும் ஸ்வீடனும். சீனா 1995, 1997 இரண்டிலும் வென்ற குழு. லியு குவோலியாங், கோங் லிங்ஹுய் என்று உலகமே அஞ்சிய பெயர்கள். ஸ்வீடன் பக்கம் யான் ஓவே வால்ட்னருக்கு 34 வயது, யோர்கன் பெர்சனுக்கு 33. முடிவு ஸ்வீடனுக்கு 3–2.

நான் பந்தைப் பார்க்கவில்லை, கால்களைத்தான் பார்த்தேன். வால்ட்னர் ஓடுகிற மாதிரியே தெரியவில்லை. என் பக்கத்திலிருந்த பையன் கேட்டான்: "டீச்சர், இவரு ஏன் ஓடவே மாட்டேங்கறாரு?" அதற்குள் அவனே பதிலும் சொன்னான்: "பந்து வர்ற எடத்துல முன்னாடியே நிக்கிறாரு."

அதுதான். பந்தை அடித்தவுடன் மேசையின் நடுவுக்குத் திரும்பு என்று நான் அதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன். தவறு. திரும்பவேண்டியது மேசையின் நடுவுக்கு இல்லை, எதிராளி அடிக்கக்கூடிய கோணங்களின் நடுவுக்கு. வலக்கை ஆட்டக்காரர்கள் இருவர் ஆடும்போது, எதிராளியின் வலப்பக்க ஓரத்துக்கு நான் அடித்தால், அவர் குறுக்கே அடித்து என் வலப்பக்கம் மேசைக்கு வெளியே வரை பந்தை இழுக்கலாம். நேராக அடித்தால் என் இடப்பக்க மூலைக்கு மேல் போக முடியாது. இந்தக் கோணங்கள் விரிக்கும் விசிறியின் நடு எனக்கு வலப்பக்கம் தள்ளி இருக்கிறது. ஆகவே அரை எட்டு வலப்பக்கம். ஒவ்வொரு அடிக்கும் விசிறி நகரும். அதோடு நானும் நகரவேண்டும். வயதான கால் மெதுவாகத்தான் போகும், ஆனால் முன்னதாகக் கிளம்பிவிட்டால் போதும்.

*

அந்தப் போட்டி முடிந்து சில வருஷத்தில் எங்கள் தோட்டம் இல்லாமல் போனது. ரப்பர் மரங்கள் அதற்கு முன்பே போய்விட்டன, செம்பனை வந்துவிட்டது. செம்பனை எங்கள் மாவட்டத்துக்குப் புதிதில்லை. இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமே 1917ல் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் தென்னமரம் தோட்டத்தில் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்டதுதான். அரை நூற்றாண்டு ஓரமாக நின்ற மரம், ரப்பர் விலை சரியச் சரிய நடுவுக்கு வந்துவிட்டது.

என் தம்பி குலை வெட்டினான். நீண்ட கம்பின் நுனியில் அரிவாள். மேலே இருபது கிலோவுக்கும் கூடுதலான குலை. எங்கே வெட்டுவது என்று பார்ப்பதற்கு முன் எங்கே நிற்பது என்று பார்க்கவேண்டும். குலை விழும், அதற்கு முன் ஓலைமட்டை விழும், அதில் முள். அவன் புதிதாக வந்த பையன்களிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்: "வெட்டுன பிறகு ஓடலாம்னு நெனைக்காத. ஓட வேண்டாத எடத்துல நின்னு வெட்டு." வால்ட்னரைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது.

லயம் இடிபட்டது. சனங்கள் தாமான் குடியிருப்புகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் போனார்கள். கொட்டகையைப் பிரித்தபோது மேசை கறையான் அரித்துக் கிடந்ததாகச் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை.

நான் வேலை பார்த்த பள்ளியில் பெற்றோர் சங்கம் பணம் திரட்டி ஒரு நல்ல மேசை வாங்கியது. மண்டபம் சிமெண்டுத் தரை. அங்கே ஒரு விஷயத்தில் கவனமாக இருந்தேன். சென்னையின் வி. சந்திரசேகர் இந்தியாவின் தேசியச் சாம்பியன் பட்டத்தை மூன்று முறை வென்றவர். 1984ல் முழங்கால் அறுவை சிகிச்சையின்போது நேர்ந்த விபரீதத்தில் அவரது ஆட்டமே முடிந்துபோனது; மீண்டு எழுந்து பயிற்சியாளராகப் பல வீரர்களை உருவாக்கினார், 2021ல் காலமானார். அவர் கதையைப் படித்ததிலிருந்து எந்தப் பிள்ளையையும் சிமெண்டில் குதிக்க விட்டதில்லை. நகரவேண்டும், உயரக் குதிக்கக்கூடாது. கித்தான் சப்பாத்துக்குள் தடித்த உள்ளட்டை போடாதவனுக்கு அன்று ஆட்டம் கிடையாது.

2016ல் உலகக் குழுப் போட்டி மறுபடி நம் நாட்டுக்கு வந்தது. இந்த முறை ஷா ஆலத்தில், மலாவாத்தி அரங்கத்தில். கோல சிலாங்கூர் குன்றுக்கும் அதே பெயர்தான், புக்கிட் மலாவாத்தி. அமோயும் நானும் சேர்ந்து போனோம். இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது. சீனா ஆண்கள், பெண்கள் இரண்டிலும் வென்றது. பந்து இப்போது 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆகிவிட்டது, செல்லுலாய்டு போய் பிளாஸ்டிக் வந்துவிட்டது, 21 புள்ளி 11 ஆகிவிட்டது. கொளுத்தினால் கற்பூர வாசனை வராது. கால் மட்டும் சிப்பி ஓடு பொறுக்குவது போலவே நகர்ந்துகொண்டிருந்தது. அமோய் என் முழங்கையை இடித்து, "காக்கி டூலு" என்றாள். அவள் அப்பா போய் வெகு நாளாகிறது.

*

பெற்றோர் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

இன்றைக்கும் பல தமிழ்ப்பள்ளிகளில் மேசைக்கு இடமில்லை. சில இடங்களில் பாதி மேசையைச் சுவரோரம் நிறுத்திவைத்துப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். சில வீடுகளில் சாப்பாட்டு மேசையில் ஆடுகிறார்கள். ஆடட்டும், கைக்கு நல்லது. ஆனால் கால் தான் பழகிய அளவை மறப்பதில்லை. எனக்கு அந்த ஓரடியைக் காலிலிருந்து எடுக்க இரண்டு வருஷம் பிடித்தது. முழுசாக எடுத்துவிட்டேன் என்று இன்னும் சொல்லமுடியாது. கோணமான பந்துக்கு இன்றும் என் இடுப்புதான் முதலில் வளைகிறது.

ஆகவே ஒன்று செய்யுங்கள். மேசை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வீட்டு ஐந்தடிக்கோ பள்ளித் தாழ்வாரத்துக்கோ போய், சாக்பீஸால் தரையில் ஒரு மேசை வரையுங்கள். நீளம் 2 மீட்டர் 74 சென்டிமீட்டர், அகலம் 1 மீட்டர் 52.5 சென்டிமீட்டர். டேப் வைத்து அளந்து வரையுங்கள், கண்ணளவு வேண்டாம். அகலக் கோட்டின் இரு முனைக்கும் நேரே, ஒரு கை தள்ளி, பத்துக் கூழாங்கல்லோ பத்து மூடியோ வையுங்கள். பிள்ளை முகத்தைத் திருப்பாமல், காலைக் குறுக்கே போடாமல், முழங்காலை மடித்து, ஒவ்வொன்றாக இங்கிருந்து அங்கே மாற்றட்டும். தினமும் பத்து நிமிஷம், ஆறு மாதம். மட்டை வாங்குவதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.